கோயமுத்தூர் விலாசம்

நீலாம்பாளிடம் கோயமுத்தூர்ப் பேச்சை எடுத்தால் போதும், அந்த நிமிஷமே அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும். பால் பொங்கிவிடும், இல்லாவிட்டால் புளி கரைக்க வேண்டியிருக்கும். பேச்சை எடுத்தவர், பாவம், கூடத்தில் உட்கார்ந்து காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெற்ற பெண்ணையே அப்படி உட்கார்த்தி வைத்தவள் அவள். மாப்பிள்ளை ராமபத்ரன் ஒரு தடவை அடுக்களை வாசல் வரைக்கும் போய்ப் பேசிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்பக்கம், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் இருந்தது நீலாம்பாளின் வாடகை வீடு. அவள் புருஷன் விஸ்வேஸ்வரன் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கம்பெனியில் ஆயுசு முழுக்கக் கணக்கெழுதி ஓய்ந்தவர். மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கடல் ஏறும் நாட்களில் தோடு என்று சொல்கிற வாய்க்காலின் தண்ணீர் கொல்லைக்குள் வந்து நிற்கும். குடிதண்ணீருக்குத் தெருமுனைக் குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது எப்போது வரும் என்று தெரியாமல் நிற்க வேண்டும். கோயமுத்தூரில் பெண் அம்மிணியின் வீட்டிலோ, சிறுவாணித் தண்ணீர் அடுக்களைக் குழாயிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் ஒரு அறை வெள்ளையடித்துக் காலியாகக் கிடந்தது. புத்தியுள்ள யாரும் போய்விடுவார்கள். நீலாம்பாளுக்கும் புத்திக்குக் குறைவில்லை. ஆனால் அவள் போக முடியாது. ஏனென்றால், அவள் பிள்ளை பிச்சுமணிக்குத் தெரிந்த விலாசம் அந்தச் சந்து ஒன்றுதான்.

பிச்சுமணி எழுபத்து மூன்றாம் வருஷம் ஓணம் கழிந்து புறப்பட்டுப் போனவன். பி.ஏ. படித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தான். சும்மா இருக்கிற பிள்ளையை ஊர் எவ்வளவு படுத்துமோ அவ்வளவு படுத்தியது. பக்கத்துப் பள்ளுருத்தி ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பம்பாய் போய், அங்கிருந்து லாஞ்சில் துபாய் போவதாக இருந்தார்கள். பாஸ்போர்ட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாகக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், நீந்திப் போய்க்கொள்ள வேண்டும். இவனும் கூடப் போனான். பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது: சௌக்கியம், லாஞ்சு கிளம்பப்போகிறது, அம்மா கவலைப்பட வேண்டாம். அதோடு சரி. பள்ளுருத்திப் பையன்களைப் பற்றியும் தகவல் இல்லை. பம்பாய் உறவுக்காரர்கள் விசாரித்தார்கள். விஸ்வேஸ்வரன் கொச்சித் துறைமுகத்தில் உரு என்கிற மரக்கப்பல்களில் வந்து போகிறவர்களையெல்லாம் விசாரித்தார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தன் தானாக வந்தான். அவனைத்தான் இவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அது எழுபத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். அன்றைக்கு விஸ்வேஸ்வரனின் அப்பாவுக்குத் திவசம். திவச நாளில் வாசலில் கோலம் கிடையாது. இலையில் உட்கார்ந்த பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, பிண்டம் வைத்து முடிகிற வரைக்கும் வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட மாட்டார்கள். நீலாம்பாள் ஈரப்புடவையோடு மடியாக அடுப்படியில் நின்று வடை தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். விஸ்வேஸ்வரன் விரலில் பவித்திரத்தோடு ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்க முடியாது. நீலாம்பாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கட்டம் போட்ட கைலி, தலையில் உறுமால், கறுத்து வற்றிப்போன ஒரு கப்பல்காரன்.

"சாமி உண்டோ? ஒரு காரியம் பறயணும்" என்றான்.

"இன்னிக்கு ஆகாது. ஆத்துல திவசம். நாளைக்கு வாங்கோ" என்றாள் அவள்.

அவன் கொஞ்சம் தயங்கி நின்றான். வாசற்படியைப் பார்த்தான், வெறும் தரையைப் பார்த்தான். "செரி" என்று திரும்பிப் போனான். வடை கருகிவிடுமே என்று அவளும் அடுப்புக்குத் திரும்பினாள்.

பிண்டம் வைத்து, காக்காய் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் சாயாக்கடை வைத்திருந்த ஒச்சப்பன் வாசலில் வந்து நின்றான். லத்தீன் கிறிஸ்தவன், வாட்டசாட்டமான ஆள், வாயைத் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கும். அன்றைக்கு மட்டும் குரல் இறங்கியிருந்தது. வந்தவன் தன் கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், லாஞ்சில் வேலை செய்கிறவன், பிச்சுமணியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தான் என்றான். நீலாம்பாள் கையிலிருந்த எச்சில் இலையைக் கீழே போட்டுவிட்டாள். "என் கொழந்தை நன்னா இருக்கானாமா? எங்க இருக்கானாம்? அவர் எங்க, அந்த மனுஷர்?" என்று அடுக்கினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து போயிற்று. ஒச்சப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "அயாளுக்கு உரு கிளம்பற நேரமாச்சு மாமியே. போயிட்டார். இனியும் வரும்" என்று சொன்னான்.

விஸ்வேஸ்வரன் பவித்திரத்தைக் கழற்றாமலேயே படகுத்துறைக்கு ஓடினார். எந்த உரு என்று யாருக்குத் தெரியும்? நின்றுகொண்டிருந்த உருக்களிலெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாய்ந்து திரும்பி வந்தார். நீலாம்பாளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பின்னால் ஒரு நாளும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அவள் வாழ்க்கை என்ன? ஜன்னல்தான். வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் யார் போனாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். சாக்கு விற்கிறவனையும் மீன்காரனையும் நிறுத்தி வைத்து, "நீங்க கப்பல்லேர்ந்து வரேளா?" என்று கேட்டிருக்கிறாள். மாமனார் திவசத்தன்று தெருக்கதவைத் திறந்துபோட்டுவிடுவாள். வாத்தியார் வெங்கிட்டு முணுமுணுப்பார். "முணுமுணுத்துக்கோங்கோ. கதவைச் சாத்த மாட்டேன்" என்பாள். ஒவ்வொரு ஆவணியிலும் பிச்சுமணியின் பிறந்த நட்சத்திரத்துக்குப் பால் பாயசம் வைத்து, ஸ்வாமிக்குக் காட்டி, அதில் ஒரு தம்ளர் ஒச்சப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தக் கப்பல்காரனைப் பார்த்துப் பேசினவன் அவன் ஒருத்தன்தானே. அவன் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிப் பலகைமேல் வைப்பான்.

"பின்னே குடிக்காம் மாமி" என்பான், அப்புறம் குடித்துக்கொள்கிறேன் என்கிற அர்த்தத்தில்.

"அவர் திருப்பி வருவார்னு தோணறதா?" என்பாள் இவள்.

"வரும்."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். அவன் குடித்து இவள் பார்த்ததில்லை. பிராமண ஸ்திரீக்கு முன்னால் குடிக்கச் சங்கோசப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் விஸ்வேஸ்வரன் குழாயடியில் விழுந்தார். நல்ல மழை. பாசி பிடித்த கல். இடுப்பில் குடத்தோடு மல்லாந்து விழுந்தவரை ஒச்சப்பன்தான் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். எலும்பு முறியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மார்பில் குழலை வைத்துப் பார்த்த டாக்டர், இடுப்பை விட்டுவிட்டு இருதயத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தனியாக விடக்கூடாது. அம்மிணி ஓடி வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னிக்குப் பால் பொங்காது, அடுப்பை நான் அணைச்சுட்டேன்" என்றாள். "அம்மா, அண்ணாவுக்காக அப்பாவையும் சேத்துப் பறிகொடுக்கப் போறயா?"

நீலாம்பாளுக்கு ஆத்திரம் வந்தது. பெண்ணை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தாலும் கேள்வி கேள்வியாகத்தான் இருந்திருக்கும். கூடத்தில் கட்டிலில் கிடந்தவர் இருமுகிற சத்தம் கேட்டது. இந்த ஒரு ஜீவனையாவது காப்பாற்ற வேண்டும். காப்பாற்றப் போனால் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வந்து, பூட்டின கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவான். ஒரு தடவை அவள் வாயாலேயே திருப்பி அனுப்பியாயிற்று. இன்னொரு தடவையும் அனுப்பவா? அடுப்பை மறுபடி மூட்டினாள்.

விஸ்வேஸ்வரன்தான் பேச்சை முடித்துவைத்தார். அம்மிணி ஊருக்குப் போன மறுநாள் சாயங்காலம், "நீலா, இங்க வந்து ஒக்காரு" என்றார். "வெங்கிட்டு வாத்தியாரை வரச் சொல்லியிருக்கேன். போனவனைப் பத்திப் பன்னெண்டு வருஷம் தகவல் இல்லேன்னா, அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடணும்னு சாஸ்திரம். புரட்டாசியோட பன்னெண்டு ஆயிடறது. அதைச் செஞ்சுட்டுப் போயிடலாம்."

"செய்யறதுன்னா?"

"ஒனக்குத் தெரியும்."

தெரியும்தான். புரசங்காம்புகளை அடுக்கிக் கட்டி ஆள் உருவம் செய்து, அதற்குப் பேரிட்டு, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். பத்து நாள் காரியம் செய்ய வேண்டும். பெற்றவர்கள் இருந்துகொண்டு, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத பிள்ளையைத் தாங்களே கொளுத்துவது. நீலாம்பாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அழுகை கூட வரவில்லை.

வாத்தியார் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் ரயில் நேரம் சொல்வது போலச் சொல்வார். நாள் பார்த்தார், சாமான்கள் சொன்னார். நீலாம்பாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் எழுந்திருக்கும்போது கேட்டாள்:

"எல்லாம் பண்ணி முடிச்சப்பறம் அவன் வந்து நின்னா?"

"அதுக்கும் சாஸ்திரத்துல வழி இருக்கு. பெரிய குடம் நெறைய நெய்யை விட்டு அவனை ஸ்நானம் பண்ண வைக்கணும். அப்பத்தான் பொறந்த கொழந்தை மாதிரி ஆக்கும் அவன். ஜாதகர்மம், நாமகரணம், பூணல் எல்லாம் திருப்பி ஆதியோட பண்ணிடலாம். பயப்படாதேங்கோ."

வாத்தியாருக்கு அது ஒரு விதி, சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீலாம்பாளுக்கு அது போதும். வரட்டும், கொளுத்தினால் என்ன, மறுபடியும் பெற்றுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அந்த வயசில், அந்த வீட்டில் நின்றுகொண்டு, அவள் அப்படித்தான் நினைத்தாள். விஸ்வேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல், "வாத்தியாருக்கு வேறே வேலை இல்லை. நெய்க்குடமாம்" என்றார். "அவன் போயிட்டான் நீலா. மனசிலாக்கிக்கோ."

"ஆவணி கழியட்டும். அவன் நட்சத்திரம் கழியட்டும்" என்றாள் அவள். அவ்வளவுதான். கோயமுத்தூர் போவதென்று தீர்மானமானது இப்படித்தான்.

ஆவணியில் பாயசம் வைத்தாள். ஒச்சப்பன் இரண்டு கையாலும் வாங்கிப் பலகைமேல் வைத்தான். புரட்டாசியில் விஸ்வேஸ்வரனை ராமபத்ரன் கைத்தாங்கலாகச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போனார். பெண்பிள்ளைகள் போகிற வழக்கமில்லை. நீலாம்பாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த புருஷனின் வேட்டியில் புகை வாசனை அடித்தது. பத்து நாளும் கழிந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி ராமபத்ரன் முன்னால் போய்விட்டார். எர்ணாகுளத்துக்குப் படகு ஏறி, அங்கிருந்து ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

புறப்படுகிற அன்று காலையில் நீலாம்பாள் சாயாக்கடைக்குப் போனாள். கடையில் அப்போது யாரும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் அம்மிணி வீட்டு விலாசத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

"ஒச்சப்பா, இதைப் பத்திரமா வச்சுக்கோ. அவர் வந்தாலும் சரி, அவனே வந்தாலும் சரி, இதைக் கொடுத்து ரயில் ஏத்தி விட்டுடு. நெய்க்குடம் வச்சுக் காரியம் பண்ணிக்கலாம், அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்னு சொல்லு."

ஒச்சப்பன் கையை நீட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வேண்டா மாமி" என்றான்.

"என்னது வேண்டாம்?"

"விலாசம் வேண்டா." அவன் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டான். "அந்தாள் அன்னைக்கே எங்கிட்டே எல்லாம் பறஞ்சு. லாஞ்சுல குடிக்கத் தண்ணியில்லே. மூணு பிள்ளேருக்கும் ஜொரம் கண்டு. பிச்சுமணி முதல்லே போயி. துலாம் மாசம். அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு பிரார்த்தனை பண்ணிக் கடல்லெ இறக்கி. அதைச் சொல்லத்தான் அந்தாள் வந்தது. நிங்ஙள் அயல்காரன் அல்லே, நிங்ஙள் சொல்லுன்னு எங்கிட்டே பறஞ்சிட்டுப் போயி."

நீலாம்பாள் காகிதத்தை நீட்டின கையை இன்னும் மடக்கவில்லை.

"சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். மாமி கையிலெ எலையோட ஓடி வந்து, கொழந்தை நன்னா இருக்கானான்னு சிரிச்சுண்டு கேட்டேள். எனக்கு நாக்கு எழும்பலே. நாளைக்குச் சொல்லலாம்னு வச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு ஆயிப்போச்சு. அப்பறம் பாயசம் கொண்டு வந்நேள். எல்லா வருஷமும் கொண்டு வந்நேள். ஒரு துள்ளி நான் குடிச்சதில்லே மாமி. மாமி தலை மறைஞ்சதும் தோட்டிலெ ஊத்திடுவேன்."

அவனைத் திட்டவேண்டும் என்று நீலாம்பாளுக்கு வாய் வரை வந்தது. பாவி, பத்து வருஷம் என்னை ஜன்னலில் நிற்க வைத்தாயே என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்றைக்கு அவனை எப்படிப் பார்த்து நின்றோம் என்பது அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்லியிருக்க முடியும்? துலாம் மாசம் என்றால் ஐப்பசி. அந்தத் தீபாவளிக்கு அவனுக்கென்று ஒரு வேட்டி வாங்கி மஞ்சள் தடவி வைத்திருந்தாள். அது இப்போது லாரியில், கோயமுத்தூர் போகிற பெட்டியில் இருந்தது. உருவம் கட்டிக் கொளுத்தினது சரிதான். நெய்க்குடத்துக்கு வேலையில்லை. இத்தனை வருஷமாக அவள் வாசலைத் திறந்துபோட்டு வைத்திருந்தது யாரும் வராத வாசல்.

"சாமிட்டே நான் சொல்லணுமா?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"வேண்டாம். அவர்தான் காரியம் பண்ணிட்டாரே. அவருக்குத் தெரியும்" என்றாள் அவள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள்.

படகுத்துறை வரைக்கும் ஒச்சப்பன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விஸ்வேஸ்வரனைப் பிடித்து ஏற்றிவிட்டான். யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனான். படகு கிளம்பியது. பண்டகசாலைகளின் ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக விலகின. இஞ்சியும் மிளகுமாக எப்போதும் அடிக்கிற வாசனை கொஞ்ச தூரம் கூட வந்தது. விஸ்வேஸ்வரன் மரப்பலகையில் கரைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். கரை சிறுத்துப்போன பிறகு, யாரிடமோ வேறு விஷயம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

"ஒச்சப்பன்கிட்டே விலாசம் கொடுத்தயோ?"

நீலாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தன் கையால் கொள்ளி வைத்துவிட்டு வந்த மனுஷர். அவன் போயிட்டான், மனசிலாக்கிக்கோ என்று அவளுக்குச் சொன்னவர். அவர் கண் இன்னும் கரையிலேயே இருந்தது. இடுப்பில் அந்தக் காகிதம் அவளுக்கு உறுத்தியது.

"கொடுத்தேன்" என்றாள்.

"தொலைக்க மாட்டானே?"

"கடைச் சுவத்துல ஒட்டி வச்சுக்கறேன்னான்."

"நல்லதாப் போச்சு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூச்சு வாங்கியது. "நீலா, அம்மிணி ஆத்து மாடியில எடம் இருக்கு, பாத்தயோ? வாத்தியார் சொன்னாரே, அந்தப் பெரிய நெய்க்குடம், அது வைக்க எடம் இருக்கும், இல்லையா?"

"தாராளமா இருக்கு" என்றாள் நீலாம்பாள்.